ஷபீ அஹமது தொட்ட பிறை

ஆம்பூரில் ஷபீ அஹமதுவைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அவரா? வானம் ஒட்டுற பாய்தானே" என்பார்கள். ஒரு மனுஷன் ஐந்து வேளை தொழுது, கை நோக உழைத்து, யார் வீட்டு வம்புக்கும் போகாமல் காலம் தள்ளினால் ஊர் அவனுக்குக் கட்டுகிற பட்டம் இது. நினைத்தாலே வயிறு எரிகிறது. அவர் எதை ஒட்டினார், எதை ஒட்டவில்லை என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவர் பிழைப்பு, தோல் தரம் பிரிப்பது. பாலாற்றங்கரையில் முக்தார் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷமாக அதே பலகை முன்னால் நின்றார். பதனிட்ட தோலை விரித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும். எங்கே உண்ணி கடித்தது, எங்கே கத்தி பட்டது, எந்த ஓட்டையை மெழுகு தேய்த்து மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். ஷாப்பில் இந்த விரல் வித்தை எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. முதலாளிக்கு இன்னும் ஜாஸ்தி.

வேலூரிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு பாதிரியார் தன் பழைய போட்டோப் பெட்டியை ஷபீ அஹமதுவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி, பன்னிரண்டு கண்ணாடி பிளேட்டுகள். சகீனா, அதாவது அவர் மனைவி, அன்றைக்கே தலையில் கை வைத்தாள். "உயிருள்ளதைப் படம் புடிச்சா குத்தம்னு பள்ளிவாசல்ல சொல்றாங்க. இதை வெச்சுக்கிட்டு இன்னா செய்யப்போறீங்க?" என்றாள். ஷபீ அஹமது, "மேகத்துக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டார்.

அப்படித்தான் அவர் சாயங்கால வானத்தைப் பிடித்துக்கொண்டார். அல்லது வானம் அவரைப் பிடித்துக்கொண்டது. மழைக்காலம் வந்துவிட்டால் ஆம்பூருக்கு மேற்கே ஒரு கூத்து நடக்கும். வாணியம்பாடிப் பக்கம் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது மேகத்தின் அடிவயிறு பற்றி எரியும். அதைப் பார்த்தபடி தோல் நாற்றத்தில் நிற்பவனுக்கு நாற்றம் மறந்துபோகும். ஆனால் பிளேட்டில் எடுத்துக் கழுவி, காகிதத்தில் அச்சுப் போட்டுப் பார்த்தால் வானம் சலவை செய்த வேட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும். மேகமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தக் காலத்து பிளேட்டுக்கு நீலத்தைக் கண்டால் ஆகாது. நிலம் பதிவதற்குள் வானம் வெந்துபோகும்.

மனுஷன் விடவில்லை. ஒவ்வொரு தவறாகப் பட்டுப்பட்டுக் கற்றுக்கொண்டார். சூரியனை நேராகப் பார்க்காதே, அது மேகத்துக்குப் பின்னால் போகும்வரை பொறு. வானத்துக்குக் கொடுக்கிற நேரம் வேறு, நிலத்துக்குக் கொடுக்கிற நேரம் வேறு. வெளிச்சம் பிளேட்டின் முதுகில் மோதித் திரும்பி வந்து சூரியனைச் சுற்றி வளையம் போடும். அதைத் தடுக்க வெல்லத்தைக் கருக்கி, விளக்குக் கரியைக் குழைத்து முதுகில் பூசு. சகீனாவின் வெல்லப் பானை இப்படித்தான் மாதாமாதம் காலியானது. கடைசியில் ஒன்று புரிந்தது. ஒரே பிளேட்டில் இரண்டும் வராது. நிலத்துக்கு ஒரு பிளேட், வானத்துக்கு ஒரு பிளேட். காகிதத்தில் அச்சுப் போடும்போது முதலில் வானத்தை மறைத்து நிலத்தை வெயிலில் காட்ட வேண்டும், பிறகு நிலத்தைப் பஞ்சு வைத்து மறைத்து வானத்தைக் காட்ட வேண்டும். சேர்த்த இடம் தெரியாது. நிழல் விழுகிற பக்கத்துக்கு ஒவ்வாத மேகத்தை மட்டும் அவர் ஒருநாளும் வைத்ததில்லை. அதை அவர் ஹராம் என்றே நினைத்தார்.

லண்டன் தரகருக்கு அனுப்ப ஷாப்பைப் படம் எடுத்துத் தரும்படி முக்தார் சாயபு கேட்டபோதுதான் வினை ஆரம்பித்தது. படம் எடுத்தார். சுண்ணாம்புத் தொட்டி, தோல் காய்கிற முற்றம், புகைக்கூண்டு எல்லாம் பதிந்தது. மேலே வழக்கம்போல் வெள்ளை வேட்டி. ஆலங்காயம் மலையடிவாரத்தில் போன ஐப்பசியில் எடுத்து வைத்த அந்தி வானம் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்து ஷாப்புக்கு மேல் வைத்தார். முதலாளி படத்தைப் பார்த்து அசந்துபோய்விட்டார்.

"அரே, இது நம்ம ஷாப்பா? அரண்மனை மாதிரி இருக்குதே! இந்த வானம் என்னிக்கு வந்துச்சு?"

"ஆலங்காயத்து வானம் சாயபு. நான் வெச்சது."

மறைக்கத் தெரியாத மனுஷன். கேட்டால் சொல்லிவிடுவார். முக்தார் சாயபு விழுந்து விழுந்து சிரித்தார். படத்துக்குச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "ஷாப் நம்மளுது, வானம் ஷபீயுது" என்று பெருமையடித்தார். மெச்சித்தான் சொன்னார். மெச்சுதல் ஊரைச் சுற்றி வந்தபோது கேலியாக மாறியிருந்தது. ஷபீ அஹமதுவும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் போனார். அன்றைக்கே காதில் ஏற்றியிருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம் புரட்டாசி மாதம். ரமலானுக்கு முந்தின மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள். அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. தெரியாவிட்டால் மாதத்தை முப்பதாக்கி, நோன்பு ஒருநாள் தள்ளிப்போகும். வானம் முழுக்க மூட்டம். மாடியில் ஏறிய ஜனங்கள் கொஞ்ச நேரம் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கே தெரியப்போவுது" என்று இறங்கிவிட்டார்கள்.

ஷபீ அஹமது பிறைக்காகப் போகவில்லை, மூட்டத்துக்காகப் போனார். அப்படிப்பட்ட மூட்டம் வருஷத்தில் இரண்டு தடவைதான் வரும். பாலாற்று மேட்டில் முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் காத்திருந்தார். கூட வேலாயுதம். ஷாப்பில் மூட்டை கட்டுகிறவன், இவருடைய தோஸ்த், முக்காலி தூக்குவதற்காக அல்ல, பேச்சுத் துணைக்கு வருகிறவன். சூரியன் இறங்கிக் கால் மணி நேரம் இருக்கும். மேகம் ஒரு விரல்கடை விலகியது.

"பாய், அதோ பாரு! பிறை!" என்று வேலாயுதம் தன்னையறியாமல் கும்பிட்டான்.

ஷபீ அஹமது துணியை உதறிக்கொண்டு வெளியே வந்தார். மயிரிழை. ஆனால் பிறை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார், அங்கேயே இருந்தது. துவா ஓதினார். பிளேட் ஏற்கெனவே பெட்டிக்குள் தயாராக இருந்தது. மூடியைத் திறந்து எட்டு எண்ணி மூடினார். அதற்குள் மேகம் சேர்ந்துகொண்டது.

இனி கேளுங்கள். மூட்டமாக இருக்கிற நாளில் நோன்பைத் தொடங்க நேர்மையான ஒரே ஒரு ஆளின் சாட்சி போதும். அதுதான் சட்டம். அவர் அப்படியே நேராகப் பள்ளிவாசலுக்கு ஓடி, "பார்த்தேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது காரியம். அவருக்கும் அது தெரியும். பாதி வழி போனார். கடைத்தெருவில் ரெண்டு பேர், "இன்னா பாய், இன்னிக்கு எந்த ஊரு வானம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கால் நின்றுவிட்டது. பிறை பார்த்தேன் என்று சொன்னால் இந்தச் சிரிப்புத்தானே அங்கேயும் வரும்? கையில்தான் பிளேட் இருக்கிறதே, அதையே காட்டிவிட்டால் யார் வாயைத் திறக்க முடியும்? அப்படி நினைத்து வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலுக்குப் பதிலாக ஆண்டவன் அவர் காலை ஒடித்திருக்கலாம்.

வீட்டின் பின்னறையில் சிவப்பு விளக்கு வைத்து பிளேட்டைக் கழுவினார். மேகம் அற்புதமாக வந்திருந்தது. ஆயுசில் அவர் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த வானம். ஆனால் பிறை? விளக்கில் சாய்த்தால் தெரிந்தது, நிமிர்த்தினால் மறைந்தது. பிளேட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும், பிறையும் கண்ணாடியில் ஒரு கறுப்பு இழை, அவ்வளவுதான். இதைப் பள்ளிவாசல் விளக்கில் அறுபது வயசுக் கிழவர்களிடம் காட்டி என்ன செய்வது? சாராயத்தில் முக்கி பிளேட்டைச் சீக்கிரம் உலர்த்தினார். பிறகு கை தானாகப் பென்சிலுக்குப் போனது. மேகத்தின் ஓரத்தை எடுப்பாக்க எத்தனையோ தடவை செய்ததுதான். பிறை இருந்த அதே இழைமேல், அதே வளைவில், மூன்று கோடு. இல்லாததைச் சேர்க்கவில்லை, இருப்பதைத் தெரியவைத்தேன் என்று தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டார். அவசரத்தில் மேலே வார்னிஷ்கூடப் பூசவில்லை.

பள்ளிவாசலில் காஜி அப்துல் கரீம் ஹஜ்ரத், பெரிய மனுஷர்கள் ஏழெட்டுப் பேர், முக்தார் சாயபு எல்லாரும் எழுந்திருக்கிற நேரம். மறுநாள் நோன்பு இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்ப இருந்தார்கள். முக்தார் சாயபுவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். மறுநாள் சாயங்காலத்துக்குள் நூறு மூட்டைத் தோல் ரயிலேற வேண்டும், நோன்பு வந்தால் ஆட்கள் பாதி நேரம்தான் நிற்பார்கள். அதற்காக அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் மனசு எந்தப் பக்கம் சாய விரும்புகிறதோ அந்தப் பக்கம் கண்ணும் கூர்மையாகத்தான் இருக்கும்.

"ஹஜ்ரத், பிறை பார்த்தேன். இதோ" என்று ஷபீ அஹமது பிளேட்டை நீட்டினார்.

காஜி அதை விளக்குக்கு நேரே பிடித்தார். மேகத்துக்கு நடுவே அழகான பிறை. சுற்றி நின்றவர்கள் "சுப்ஹானல்லா" என்றார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஷபீ அஹமதுவை ஊர் நம்பியது.

"இப்படிக் கொடுங்க" என்று முக்தார் சாயபு கை நீட்டினார். பிளேட்டை வாங்கி, தோலைப் பார்க்கிற பழக்கத்தில், கட்டைவிரலால் பிறைமேல் ஒரு தடவு தடவினார். விரலைத் திருப்பி விளக்கில் காட்டினார். நுனியில் கரி.

காஜிதான் கேட்டார். "ஷபீ, இதை நீ கையால தொட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிளேட்டில் தூசு என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது வரவில்லை.

"தொட்டேன் ஹஜ்ரத். ரொம்ப மெலிசா இருந்துச்சு. தெரியறதுக்காகத் தொட்டேன். ஆனா பிறை இருந்துச்சு. துடைச்சுப் பாருங்க, அடியில இருக்கும்."

துடைத்தார்கள். அடியில் இழை இருந்தது. "இது கீறல்" என்றார் ஒருவர். "மசிரு ஒட்டினு இருக்கு" என்றார் இன்னொருவர். முக்தார் சாயபு கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "என் ஷாப்புமேல ஆலங்காயத்து வானத்தை வெச்ச கை இது ஹஜ்ரத். ஆம்பூர் வானத்துல ஒரு பிறை வைக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

யார் வைக்கச் சொன்னது? யார் பல்லைக் காட்டி மெச்சியது? யார் சட்டம் போட்டு மாட்டியது? அங்கே இதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

வாசலில் நின்ற வேலாயுதம் பொறுக்காமல், "சாமி, நானும் பாத்தேன். ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான். காஜி அவனை மரியாதையாகத்தான் பார்த்தார். "நீ பொய் சொல்ல மாட்டே வேலாயுதம், எனக்குத் தெரியும். ஆனா நோன்புக்கு எங்க ஜமாஅத்து ஆளு சாட்சி வேணும்பா" என்றார். பிறகு ஷபீ அஹமது பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இருந்த துக்கம் உண்மையானது.

"முட்டாளே, உன் கண்ணு போதுமே! உன்னைக் கண்ணாடி கேட்டது யாரு? நேரா வந்து பார்த்தேன்னு சொல்லியிருந்தா நான் ஏத்துக்கிட்டிருப்பேனே. சாட்சியில கை வெச்சவன் சாட்சியை நான் எப்படி எடுத்துக்குவேன்?"

சாட்சி தள்ளப்பட்டது. ஆனால் பார்த்தவன் பார்த்தவன்தான். ஊர் ஏற்காவிட்டாலும் அவர்மட்டும் மறுநாள் நோன்பு வைக்க வேண்டும், அதுவும் சட்டம். காஜியே அதை அவர் காதோடு சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஆம்பூர் முழுக்க ஷபீ அஹமது ஒருவர்தான் நோன்பாளி. முக்தார் சாயபு நோன்புக்கு முந்தின நாள் என்று ஆட்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார். பலகை முன்னால் வாசனை வந்து நின்றது. "பாய், உங்க பங்கைப் படம் எடுத்து வெச்சுக்கோங்க" என்றான் ஒருத்தன். இவர் தோலைத் தடவிக்கொண்டே நின்றார். வேலாயுதம் மட்டும் தன் இலையை எடுத்துக்கொண்டு ஆவாரம்பட்டைக் கொட்டகைக்குப் பின்னால் போய், இவர் கண்ணில் படாமல் தின்றுவிட்டு வந்தான்.

அதெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். மதியம் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனார். விடியுமுன் எழுந்து நோன்புக்கென்று அவருக்குச் சோறு பொங்கிப் பரிமாறியவள் சகீனா. இப்போது அவள் கிணற்றடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு.

"நீ நோன்பு வைக்கலியா?"

அவள் நிமிரவில்லை. "ஹஜ்ரத் இல்லைன்னு சொல்லிட்டாங்களே. ஊரோடதானே நானும்."

"நான் பார்த்தேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. கையால தொட்டேன்னும் நீங்கதானே சொன்னீங்க" என்றாள். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவள். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னாள். ஊர் மொத்தமும் சேர்ந்து சிரித்தபோது வராத அழுகை அப்போது வந்தது. முகம் கழுவுகிற மாதிரி குனிந்து நின்று அழுதார்.

அன்று மாலை மேகம் கலைந்தது. பிறை வந்தது. தடியாக, உயரமாக, ஊருக்கெல்லாம் தெரியும்படி வெகுநேரம் நின்றது. நேற்றே பிறந்த பிறை என்று மாடியில் நின்ற சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். யாரோ மெதுவாகக் காஜியிடம் கேட்டார்கள். "பிறையோட பருமனைப் பார்த்து நாளு சொல்லக்கூடாது" என்றார் அவர். அதுவும் சட்டம்தான். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. சகீனா முற்றத்தில் நின்று பிறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மாதக் கடைசியிலும் மூட்டம் பிடித்துக்கொண்டது. ஊர் முப்பது நோன்பைப் பூர்த்தி செய்தது. ஊருக்கு இருபத்தொன்பது முடிந்த அன்றே, தன் கணக்கில் முப்பது முடிந்துவிட்டதே என்று ஷபீ அஹமது காஜியிடம் போய் நின்றார். "பெருநாள் ஜமாஅத்தோடதான்" என்றார் காஜி. ஆக ஷபீ அஹமது முப்பத்தொரு நோன்பு பிடித்தார். எந்த மாதத்துக்கும் முப்பத்தொரு நாள் கிடையாது, அவருக்கு மட்டும் இருந்தது.

பெருநாள் கழிந்து பத்து நாளில் சென்னைப்பட்டணத்துத் தோல் ஏஜெண்டிடமிருந்து முக்தார் சாயபுவுக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே மூட்டம் இல்லை, பிறை கண்டு ஒருநாள் முன்னாலேயே நோன்பு தொடங்கிவிட்டார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். சாயபு ஷபீ அஹமதுவைக் கூப்பிட்டு, தாமாகவே அதைப் படித்துக் காட்டினார். அந்த மட்டுக்கும் நியாயஸ்தர்.

"பிறை இருந்திருக்குது மியான்."

"ஆமா சாயபு."

"அதுக்காக நீ பென்சில் வெச்சது நாயமாயிடுமா?"

"ஆகாது சாயபு."

சாயபு கடிதத்தை மடித்து வைத்தார். ஊருக்குப் படித்துக் காட்டவில்லை. புதுசாக ஒரு காயும் முற்றம் கட்டியிருக்கிறோம், அதை ஒரு படம் எடு, நல்ல மேகமாகப் பார்த்துப் போடு என்றார். ஷபீ அஹமது எடுத்துக் கொடுத்தார். மேகமும் வைத்துக் கொடுத்தார். சேர்த்த இடம் தெரியவில்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பிறை பிளேட்டை வெந்நீரில் போட்டுச் சுரண்டி, வெறும் கண்ணாடியாக்கி, சகீனாவின் சமையலறை ஜன்னலுக்குப் பொருத்திக் கொடுத்தார்.

அடுத்த வருஷமும் அதே இருபத்தொன்பதாம் நாள் மூட்டம் போட்டது. ஷாப்பின் காயும் மாடியில் நனையப்போகிற தோல்களை அவர் தனியாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது மேற்கே மேகம் கிழிந்து, அங்கே இருந்தது. போன வருஷத்தைவிடத் தெளிவாக இருந்தது. அவர் அசையாமல் பார்த்தார். துவா ஓதினார். மேகம் மூடும்வரை பார்த்துவிட்டு மிச்சத் தோலையும் சுருட்டினார்.

தெருவில் பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு பேர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். இவரைப் பார்த்ததும் ஒருத்தன் தயங்கினான். இன்னொருத்தன் கேட்டுவைத்தான். "மாடியில இருந்தீங்களே பாய், ஏதாச்சும் கண்ணுல பட்டுதா?"

"இல்லை. மேகம்தான்" என்றார் ஷபீ அஹமது.

அவர் ஆயுசில் சாட்சிக்காக வந்து கேட்டவர்களிடம் சொன்ன ஒரே பொய் அது. சத்தியம் செய் என்று யாரும் கேட்கவில்லை. விரலைக் காட்டு என்று கேட்கவில்லை. "சரி பாய்" என்று அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை சகீனா ரொட்டி சுட்டுத் தட்டில் வைத்தாள். வயிறு சரியில்லை என்று தட்டை நகர்த்தினார். அவள் அதையும் நம்பினாள்.